நெடுஞ்சாலையில் கழற்றிய இரும்புத் தடுப்பை மீண்டும் பொருத்தலாமா?

புதுதில்லி: நான்கு வழி நெடுஞ்சாலை ஆறு வழியாக விரிவாக்கப்படும்போது, ஓரத்தில் உள்ள இரும்புத் தடுப்புகள் கழற்றப்படுகின்றன. அவற்றுள் பல பார்வைக்குப் புதியவை போலவே இருக்கும். அவற்றைப் பழைய இரும்பாக விற்பதா, புதிய சாலையோரத்தில் மீண்டும் பொருத்துவதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் பணி விவரக்குறிப்புகளின்படி, பணியிடத்தில் கழற்றப்படும் பொருள்கள் அரசின் உடைமை. மறுபயன் மதிப்புள்ளவற்றை வகைவாரியாக அடுக்கி வைக்க வேண்டும். தடுப்பைப் பொறுத்தவரை, எதற்கு மறுபயன் உண்டு என்று தீர்மானிப்பதே கடினம்.

தடுப்பு என்பது சுவர் அன்று. 'டபிள்யூ' வடிவில் மடிக்கப்பட்ட 3 மில்லிமீட்டர் தகடு, வாகனம் மோதியதும் வளைந்து, இழுபட்ட பட்டை போல நின்று அதைச் சாலைக்கே திருப்புகிறது. மோதலின் விசை அந்த வளைவில்தான் செலவாகிறது. எனவே ஒருமுறை அடிபட்டுத் தட்டி நிமிர்த்தப்பட்ட தகட்டை நம்ப இயலாது. இணைப்புத் துளைகள் கிழிந்திருந்தால் இழுவிசை அடுத்த தகட்டுக்குச் செல்லாது. சதுர மீட்டருக்கு 550 கிராம் என்ற அளவில் பூசப்படும் துத்தநாகமும் நிமிர்த்தும் இடத்தில் வெடித்து, துருவுக்கு வழிவிடும்.

தூணைப் பிடுங்குவது இன்னும் சிரமம். பரவலாகப் பயன்படும் வகையில் 1.8 மீட்டர் தூணில் 1.1 மீட்டர் மண்ணுக்குள் இருக்கும். தரைமட்டத்தில் கேஸ் கட்டரால் வெட்டி எடுத்தால் எஞ்சுவது 70 சென்டிமீட்டர் துண்டு. அதை மீண்டும் ஊன்ற வழியில்லை.

நல்ல தகடும் முழுத் தூணும் கிடைத்தாலும், புதிய தார் அடுக்கின் மேற்பரப்பிலிருந்து உயரத்தை அளந்தே பொருத்த வேண்டும். தாழ்ந்த தடுப்பின் மீது வாகனம் ஏறித் தாண்டிவிடக்கூடும். கழற்றாமல் விட்ட தடுப்புகளுக்கும் இது பொருந்தும் என்பது பல இடங்களில் மறக்கப்படுகிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் முனை, எதிர்வரும் வாகனத்தை நோக்கி இருத்தல் கூடாது. ஒரு பக்கத்துத் தடுப்பை மறுபக்கத்திற்கு மாற்றுவோர் இதைக் கவனித்தாக வேண்டும். போல்ட், நட்டுகளில் சிக்கனம் பார்ப்பது வீண்.

நாட்டில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர்.

இதற்கிடையே, மகாராஷ்டிரத்தின் வணி–வரோரா நெடுஞ்சாலையில் 2023-இல் 200 மீட்டர் நீளத்திற்கு மூங்கில் தடுப்பு அமைக்கப்பட்டது. மூங்கில் தடுப்பின் மறுசுழற்சி மதிப்பு 50 முதல் 70 விழுக்காடு என்றும், இரும்புத் தடுப்பிற்கு 30 முதல் 50 விழுக்காடு என்றும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அப்போது தெரிவித்திருந்தார்.