கையில் கட்டிய பட்டைக்கு யார் பொறுப்பு?

இசை நிகழ்ச்சி வாசலில் கையில் ஒட்டிவிடுகிறார்களே ஒரு காகிதப் பட்டை, அது காகிதமே இல்லை. டைவெக் என்னும் பாலிஎத்திலீன் இழைத் தாள். நனைந்தாலும் நையாது, இழுத்தாலும் லேசில் அறாது. ஒட்டும் முனையை உற்றுப் பாருங்கள். பசை தடவிய இடத்தில் பொடிப் பொடியாகக் கீறல் போட்டிருப்பார்கள். உரித்து இன்னொருவர் கையில் ஒட்டப் பார்த்தால் அந்தக் கீறல் வழியே பிய்ந்து போகும். பிளாஸ்டிக் பட்டையில் ஒருமுறை அழுத்தினால் மறுபடி திறக்காத பொத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் விழாவுக்குக் கட்டும் நெய்த நாடாவில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. இறுக்கும் பக்கம் நகரும், தளர்த்தும் பக்கம் அசையாது.

நெசவையும் நாடாவையும் பற்றிப் பள்ளிபாளையத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோட்டில் பஸ் பிடித்துக் கோவைக்குக் கச்சேரி பார்க்கப் போகும் பிள்ளைகளும், கல்லூரி விழா நடத்தும் மாணவர்களும், தண்ணீர்ப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும் இன்று ‘பேண்டு’ இல்லாமல் உள்ளே நுழைவதில்லை. அந்தப் பேண்டை யார் கட்டினார், எதற்குக் கட்டினார், சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

டிக்கெட் வாங்கியவர்தானா என்று பார்க்கத்தான் பட்டை என்று நினைக்கிறோம். அது பாதி வேலைதான். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்குதான் முக்கியமான மீதிப் பாதி. 2022 புத்தாண்டு நாளில் வைஷ்ணோ தேவி கோயில் நெரிசலில் 12 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அங்கே பழைய காகிதச் சீட்டை எடுத்துவிட்டு ஆர்எஃப்ஐடி என்னும் சிப் பதித்த அட்டை கொண்டுவந்தார்கள். மெக்காவுக்கு அருகே மினாவில் 2015இல் நடந்த பெரும் நெரிசலுக்குப் பிறகு, அடுத்த ஆண்டே ஹஜ் பயணிகளுக்கு மின்னணுக் கைப்பட்டை வந்தது. ஹஜ்ஜில் நோக்கம் ஆளை அடையாளம் காண்பது; வைஷ்ணோ தேவியில், மலைமேல் போன தலைகளை எண்ணி, ஓர் அளவில் கீழே கதவை நிறுத்துவது.

அந்த அளவை யார் சொல்வது? மைதானம் சொல்லும். ஐம்பது மீட்டருக்கு நாற்பது மீட்டர் திடல் என்றால் 2,000 சதுர மீட்டர். மேடை, மேடைக்கு முன்னால் தடுப்பு, கடைகள், ஆம்புலன்ஸ் வழி எல்லாம் போக 1,200 மிஞ்சினால் பெரிது. நெரிசல் பற்றி ஆராய்ந்தவர்கள் ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்பதையே உச்சமாகச் சொல்கிறார்கள். ஐந்து, ஆறு என்று ஏறினால் தனித்தனி மனிதர்களாக நிற்க முடியாது. ஒருவர் தடுமாறினால் அந்தத் தள்ளல் பத்து வரிசை தாண்டிப் போகும். அந்தத் திடலுக்கு, சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று 2,400 பட்டை வாங்கினால் நிம்மதி, 4,800 வாங்கினால் எல்லை. பத்தாயிரம் வாங்கினால், அது எவ்வளவு உயர்ந்த ரகப் பட்டையாக இருந்தாலும் பயனில்லை.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் இதைத்தான் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாசலைக்கூட எட்ட முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் பட்ட அவதி மறுநாள் ஊரெல்லாம் பேச்சானது. ஏற்பாடு செய்த நிறுவனம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார். அந்த நகல் என்ற சொல்லைக் கவனியுங்கள். பல இடங்களில் வாசலில் டிக்கெட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் உங்கள் கையில் விலை அச்சிட்ட எந்தத் தாளும் இருக்காது. வரிசையில் நிற்கும்போதே டிக்கெட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போன யுபிஐ செய்தியை அழிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து பட்டையை வெட்டும்போது அதில் அச்சிட்ட வரிசை எண்ணுக்குக் குறுக்கே கத்தரி போட வேண்டாம். வழக்கு என்று வந்தால் அந்த வரிசை எண்தான் உங்கள் சாட்சி.

போட்டோ எடுப்பதைச் சொன்னேன். அதை ஸ்டேட்டஸில் போடச் சொல்லவில்லை. பார்கோடும் கியூஆர் குறியும் தெரியும்படி கையை நீட்டி நண்பர்களுக்குக் காட்டினால், அதைப் படியெடுத்து உங்களுக்கு முன்னால் இன்னொருவர் நுழைந்துவிடலாம். ஒரு குறி ஒருமுறைதான் செல்லும். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு, அசல் ஆள் நீங்கள்தான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

இனி, பட்டையால் ஆகாத காரியம். 2025ஆம் ஆண்டின் நெரிசல் சாவுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புரியும். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் ஆறு பேர் இறந்தது சந்நிதியில் அல்ல, வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்கும் இடத்தில். ஜூன் 4 அன்று கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்தது உள்ளே அல்ல, கதவுக்கு வெளியே. சுமார் 35,000 இருக்கை உள்ள மைதானத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். செப்டம்பர் 27 அன்று, தன் கட்சிக்காக நாமக்கல்லில் பேசிவிட்டு நடிகர் விஜய் கரூர் போனபோது வேலுச்சாமிபுரத்தில் 41 உயிர்கள் போயின. அங்கே கதவே கிடையாது, திறந்த சாலை. பத்தாயிரம் பேர் என்று சொல்லி அனுமதி கேட்ட இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாகக் காவல்துறை சொன்னது. அதே கட்சி டிசம்பர் 9 அன்று புதுச்சேரி உப்பளத்தில் கூட்டம் நடத்தியபோது, கியூஆர் குறியிட்ட சீட்டு உள்ள 5,000 பேருக்கு மட்டுமே அனுமதி என்றானது.

சீட்டோ பட்டையோ கதவுக்கு உள்ளே இருப்பவரைக் கட்டுப்படுத்தும். கதவுக்கு வெளியே இருப்பவரை எதுவும் செய்யாது. சில சமயம் கூட்டத்தைக் கூட்டுவதே அதுதான்: “வாசலில் பேண்டு தருகிறார்களாம்” என்ற ஒரு வதந்தி போதும். ஆகவே பட்டை கொடுக்கும் இடம் நிகழ்ச்சி வாசலாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் முன்பே, ஊரில் நாலைந்து இடங்களில் பிரித்துக் கொடுக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் பஸ் நிலையத்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும்; பட்டை இல்லாதவர் அங்கேயே வீட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு கிடைக்கும்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலாக ஒரு வியாதி உண்டு. வாசலில் நிற்கும் தன்னார்வலர் பையன் கண்டிப்பாகத்தான் இருப்பான். பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “தம்பி, நம்ம மாமாங்க, உடுங்க.” மாமாவுக்குப் பின்னால் அவர் சம்சாரம், குழந்தைகள், பக்கத்துத் தறிக்காரர், அவர் மச்சான். யார் கையிலும் பேண்டு இருக்காது. கணக்கிலும் வர மாட்டார்கள். விஐபி வாசலில் இப்படி நுழைந்தவர்களையும் எண்ணாத பட்டைக் கணக்கு எனக்குக் கணக்கே அல்ல. கல்லூரி விழாவோ ஊர்க் கச்சேரியோ நடத்துகிற இளைஞர்கள் எதைக் குறைத்தாலும் இதில் மட்டும் சொந்தம் பார்க்க வேண்டாம். பட்டையின் நிறத்தை அன்று காலைவரை வெளியே சொல்லாதீர்கள். முன்பே தெரிந்தால் அதே நிறத்தில் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். வெளியேறும் வழியில் பட்டை பார்க்கிறேன் என்று யாரையும் நிறுத்தக் கூடாது. அந்த வழியைப் பூட்டவும் கூடாது.

நிற்பவருக்கு ஓர் அடையாளம். இரண்டு தோளிலும் ஆள் படுகிறது, கையைத் தூக்கி முகம் துடைக்க முடியவில்லை என்றால் நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்போதே நகருங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், தள்ளல் ஓயும் இடைவெளியில் குறுக்குச் சாய்வாக ஓரத்துக்குப் போங்கள். முழங்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விட இடம் வேண்டும். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நிற்க வேண்டாம்.

குழந்தைகளுக்கான பட்டை தனிக் கதை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையிலும், சபரிமலைப் பயணத்தில் பம்பையிலும் போலீஸார் குழந்தைகள் கையில் பட்டை கட்டி அனுப்புகிறார்கள். பவானி கூடுதுறை ஆடிப்பெருக்குக்கும் திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்கும் போகும்போது யாரும் கட்டிவிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளிபாளையத்தில் துணித் துண்டுக்கா பஞ்சம்? விரலகல வெள்ளைத் துணியில் பர்மனென்ட் மார்க்கரால் எழுதுங்கள். சாதாரணப் பேனா மை ஆற்றுத் தண்ணீரில் கரைந்துவிடும். பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள். முன்பின் தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிப் போய்விடும். தொலைபேசி எண்ணை உட்பக்கம் எழுதினால் போதும். உங்கள் எண்ணோடு வீட்டில் இருக்கும் பாட்டி அல்லது சித்தப்பா எண்ணையும் சேருங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் உங்கள் போனில் டவர் கிடைக்காமல் போகலாம். வீட்டில் இருப்பவருக்குத் தகவல் போய்ச் சேரும். பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். வழிதவறிய குழந்தையைப் பார்த்தால் 1098 அல்லது 112.

அடுத்து, உங்கள் தகவல். பட்டைக்குள் சிப் இருந்தால் போகுமிடமெல்லாம் கண்காணிப்பார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. வழக்கமாகத் தரும் பட்டைகளில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவிக்கு அருகே வந்தால்தான் அது பேசும். சில வகைக்குச் சில சென்டிமீட்டர், சில வகைக்குச் சில மீட்டர். வீட்டுக்கு வந்துவிட்டால் வெறும் நாடா. பயப்பட வேண்டியது பதிவு செய்யும்போது கொடுத்த விவரத்தைப் பற்றி. பெயர், எண், ஆதார் நகல் எல்லாம் எங்கே போகின்றன? ஒரு பாட்டுக் கச்சேரிக்கு ஆதார் எதற்கு என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் கடமைகள் முழுமையாக அமலாக அதிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம். அதுவரை கேள்வி கேட்பதுதான் கைவசமுள்ள ஆயுதம். பட்டையிலேயே பணம் ஏற்றிச் செலவழிக்கும் இடங்களில், மிச்சப் பணம் திரும்புமா என்று ஏற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

காசு கொடுத்து உள்ளே போக முடியவில்லை, அல்லது சொன்ன இடம் தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று டிக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. அன்றே நடத்தியவருக்கும் டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிகழ்ச்சி கோவையில் நடந்தாலும் சென்னையில் நடந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல்லிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இலவச நிகழ்ச்சியில் நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் திறக்காது, காரணம் நீங்கள் விலை கொடுக்கவில்லை. ஆனால் அஜாக்கிரதையால் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் குற்றம். உயிர் போனால் 106. எத்தனை பேருக்கு அனுமதி, என்னென்ன நிபந்தனை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதிலுக்கு முப்பது நாள் ஆகும் என்பதால் நாளைய கூட்டத்துக்கு அது உதவாது. ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்கு உதவும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். குற்றம் நடந்தும் வழக்குப் பதிய மறுத்தால், அதே மனுவைத் தபாலில் நாமக்கல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. மனுவோடு பட்டையின் நகலை வையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.