அடை வைக்கும் முன்பே கெடும் முட்டைகள்

கோடையில் பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்து நான்கைந்து குஞ்சுகளை மட்டுமே காணும் வீடுகள் கிராமங்களில் உண்டு. மற்றவை கூமுட்டையாகிவிட்டால் பழி அடைக்கோழியின் மீது விழும். இல்லையேல் இடி இடித்ததே காரணம் என்பர். அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போடுவது இதற்காகவே. ஆணியால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பல முட்டைகளில் கரு, கோழி அடையில் அமருமுன்பே, அடுக்களை மூலையில் இருந்தபோதே கெட்டுவிடுகிறது.

முட்டை கோழியின் உடலுக்குள் உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அந்த உடற்சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். இட்ட முட்டை குளிர்ந்ததும் வளர்ச்சி நின்று, கரு உறங்கும் நிலையில் இருக்கும். சுற்றுப்புற வெப்பம் சுமார் 21 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால் கரு அரைகுறையாக வளர முயன்று நலிந்துவிடும். சித்திரை, வைகாசியில் வீட்டினுள்ளேயே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். அடைமுட்டைக்கு 15 முதல் 18 டிகிரி ஏற்றது. குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியோ அளவுக்கு மீறிய குளிர்.

செலவில்லாத வழி மண்பானைதான். வாயகன்ற பானையை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் ஈரமணலில் பாதி புதைத்து, காலையும் மாலையும் மணலில் நீர் தெளித்து வரவேண்டும். பானைக்குள் உலர்ந்த உமி பரப்பி, அகன்ற முனை மேலிருக்குமாறு முட்டைகளை வைத்து, மெல்லிய துணியால் மூடவேண்டும். முட்டையைக் கழுவக்கூடாது, ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விட்டால் கிருமிகள் உள்ளே நுழையும். இட்ட தேதியைப் பென்சிலால் குறிப்பது அவசியம்.

பானையிலும் 15 டிகிரி கிட்டாது. ஆகவே கோடையில் நான்கைந்து நாட்களுக்கும், மற்றக் காலங்களில் ஏழு நாட்களுக்கும் மேற்பட்டவற்றை அடைக்கு எடுக்க வேண்டாம். ஒரு நாட்டுக்கோழி நான்கு நாட்களில் பத்து முட்டை இடுமா எனக் கேட்கலாம். இடாதுதான். முதலில் இட்டவற்றைச் சமையலுக்கோ விற்பனைக்கோ ஒதுக்கி, கடைசியில் இட்டவற்றுடன் அண்டை வீட்டுக் கோழிகளின் புது முட்டைகளைச் சேர்த்துக்கொள்வதே வழி. அவ்வீட்டிலும் சேவல் இருக்கவேண்டும். பத்துக் கோழிகளுக்கு ஒரு சேவல் போதும். கடையில் விற்கும் பண்ணை முட்டைகள் சேவலின்றி இடப்படுபவை. எத்தனை நாள் அடை வைத்தாலும் பொரியா.

கோழியின் உடலுக்குள் அடங்கும் அளவாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இரவில் வைத்தால் அது அமைதியாக அமரும். காற்று விசிறியுடன் கூடிய பொரிப்பான் வைத்திருப்போர் 37.5 டிகிரி வெப்பம் காத்து, 18-ஆம் நாள் வரை தினமும் மூன்று முதல் ஐந்து முறை முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும், பிறகு திருப்பலாகாது. 21-ஆம் நாள் குஞ்சு வெளிவரும்.

ஏழாம் நாள் இரவு, அட்டையில் சிறு துளையிட்டு, பின்னிருந்து டார்ச் விளக்கை அடித்து ஒவ்வொரு முட்டையையும் பார்க்கவேண்டும். சிலந்தியின் கால்கள்போல் செந்நரம்புகள் படர்ந்திருந்தால் கரு உயிருடன் உள்ளது. தெளிவாக இருந்தால் கருக்கூடவில்லை, சேவலைக் கவனிக்கவும். இரத்த வளையம் தென்பட்டால் கரு தொடக்கத்திலேயே இறந்தது. அத்தகைய முட்டைகளின் மேலுள்ள தேதியைப் பார்த்தால், அவற்றுள் பழைய முட்டைகள் எத்தனை என்பது தெரியும்.