குளிர்ப் பெட்டிக்கு ஒரு பரீட்சை

தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் அதியமான்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை இன்றும் சுமந்து நிற்கும் ஊர் அது. அதியமான் என்றதும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். ஆனால் இன்று நாம் நினைக்க வேண்டியது ஔவையார் தூது சென்ற கதை. தொண்டைமானின் ஆயுதசாலையில் படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி அணிந்து பளபளத்தன. அதியமானுடைய வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புறநானூறு கூறும் செய்தி இது. மெருகைப் பாராதே, உழைப்பைப் பார் என்பதே அதன் உட்பொருள்.

குளிர்ப் பெட்டி வாங்கச் செல்லும் குடும்பத்தினருக்கு இதைவிட நல்ல உபதேசம் வேண்டியதில்லை. பாலும் காய்கறியும் கெடாதிருப்பது மட்டும் அன்று விஷயம். பல வீடுகளில் இன்சுலின் மருந்தும் அப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காக்க வேண்டும். உறைந்துவிட்டாலும் அது பயனற்றதாகிவிடும்.

பெட்டியின் உழைப்பை எவ்வாறு அளக்கிறார்கள்? 2015-இல் வெளிவந்த சர்வதேச விதியின்படி, பரிசோதனை அறையின் உஷ்ணத்தை ஒருமுறை 16 டிகிரியிலும் மறுமுறை 32 டிகிரியிலும் நிலைநிறுத்துகிறார்கள். பெட்டிக்குள் பல இடங்களில் உஷ்ணமானிகளைப் பொருத்துகிறார்கள். கீழறையில் சராசரி 4 டிகிரியும், உறைபனி அறையில் பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரியும் இருக்கும்படி செய்து, செலவாகும் மின்சாரத்தைக் கணக்கிடுகிறார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் எவ்வளவு நேரம் குளிர்ச்சி தாங்கும், புதிதாக வைத்த பொருள் எவ்வளவு விரைவில் உறையும் என்பவற்றுக்கும் தனித்தனிப் பரீட்சைகள் உண்டு.

நம் நாட்டில் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் நட்சத்திரச் சீட்டு முறையைத் தொடங்கியது. தானாகவே பனி நீக்கும் பெட்டிகளுக்கு 2010 முதல் இச்சீட்டு கட்டாயமாயிற்று. சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்து மறுபரீட்சை செய்யும் ஏற்பாடும் உண்டு.

ஆயினும் நட்சத்திரங்களை எண்ணிவிட்டால் போதாது. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் செலவழிக்கக்கூடும். அளவுகோலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுகிறது. ஆகவே ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே ஆண்டுச் சீட்டு உள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். சீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கே முக்கியம். இரு பெட்டிகளுக்கிடையே ஆண்டுக்கு 100 யூனிட் வித்தியாசம் இருந்தால், பத்து ஆண்டுகளில் அது 1,000 யூனிட் ஆகிவிடும்.

பரிசோதனைச் சாலையில் குழந்தைகள் அடிக்கடி கதவைத் திறப்பதில்லை. தர்மபுரியின் சித்திரை வெயிலும் அங்கே காய்வதில்லை. எனவே வீட்டுச் செலவு சீட்டிலுள்ளபடியே இராது. ஆனால் எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால், யார் முந்தியவர் என்பதை அறிய அப்பரீட்சை பெரிதும் உதவும்.

வீட்டிலும் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் உஷ்ணமானியை இட்டு, பெட்டியின் நடுத்தட்டில் இரவு முழுதும் வைத்திருங்கள். காலையில் 5 டிகிரிக்கு மேல் காட்டினால் குளிர்ச்சி போதவில்லை என்று அறியலாம். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் விளிம்பு தளர்ந்திருக்கிறது.

கடையில் மின்னுவது தொண்டைமானின் ஆயுதம். நம் சமையலறைக்கு வேண்டியது அதியமானின் வேல் அல்லவா?