கிளப்பின் கதவும் பந்தியின் வரிசையும்

சென்றுபோன காலத்தின்மீது மனிதர்க்கு உண்டாகும் மோகம் விசித்திரமானது. பசியும் அவமானமும் மறந்துபோகின்றன. விளக்கொளியும் வாத்திய ஒலியும் மட்டுமே நினைவில் நிற்கின்றன. அமெரிக்காவில் விஸ்கான்சின் ராஜ்யத்து ஜனங்கள், 1933-ல் அத்தேசத்து மதுவிலக்கு நீங்கியபின் செழித்த ‘ஸப்பர் கிளப்பு’ என்னும் இராப்போஜன விடுதிகளை இன்றும் போற்றுகிறார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜை, பிராந்தியில் சர்க்கரையும் கசப்புத் துளிகளும் சேர்த்த பழைய பாணிக் கலவை, அவசரமில்லாத சம்பாஷணை ஆகியவையே அவற்றின் பெருமை. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நம் நாட்டிலும் பழைய கிளப்புகளை எண்ணிப் பெருமூச்செறிவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில விஷயங்களை நினைவூட்டுவது நம் கடமை.

கல்கத்தாவில் பெங்கால் கிளப்பு 1827-லும், சென்னைக் கிளப்பு 1832-லும், உதகமண்டலம் கிளப்பு 1841-லும் தோன்றின. இரங்கூன் பெகு கிளப்பின் பெயரால் வழங்கிய கலவை மது, 1930-ல் லண்டன் ஸவாய் ஹோட்டலார் வெளியிட்ட நூலிலேயே இடம்பெற்றது. ஜின், ஆரஞ்சுத் தோலின் மணமேறிய மது, எலுமிச்சைச் சாறு, கசப்புத் துளிகள் ஆகியவற்றின் சேர்க்கை அது. ஜின்னும் டானிக்கும் கலந்த பானமோ, குளிர்சுரத்துக்குக் கொடுத்த கொயினாவின் கசப்பிலிருந்து பிறந்தது. ‘பஞ்ச்’ என்னும் பானத்தின் பெயரே, அதில் சேரும் ஐந்து பொருள்களைக் குறித்து நம் நாட்டுச் சொல்லிலிருந்து போயிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

ஆகவே எலுமிச்சை நம்முடையது, சர்க்கரை நம்முடையது, கொயினா மரம் நீலகிரியில் நடுவட்டத்து மலைச்சரிவில் வளர்க்கப்பட்டது. பரிமாறிய கையும் நம்முடையதே. நாற்காலி மட்டும் நமதல்ல! 1932-ல் சட்டகிராமத்துப் பகார்த்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கி உயிர்நீத்தாளே பிரீதிலதா என்னும் இளநங்கை, அந்த வாசலில் இந்தியரையும் நாய்களையும் ஒருங்கே விலக்கிய பலகை தொங்கியதென்பர். சுதந்திரம் வந்தும் பன்னிரண்டு ஆண்டு கழிந்தே, 1959-ல், பெங்கால் கிளப்பு இந்தியர்க்குக் கதவு திறந்தது. அந்தச் சொகுசின் இனிமையில் பாதி, பிறர் வெளியே நின்றதனால் விளைந்ததென்றால் அது மிகையாகுமா?

அந்நியனை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ‘கிளப்பு’ என்ற சொல்லை நாமும் எடுத்துக்கொண்டோம். அதைக் ‘காபி கிளப்பு’ ஆக்கினோம். மதுவை நீக்கிக் காபியை வைத்தது நல்ல காரியமே. ஆயினும், தனியிடம், தனிப்பந்தி என்னும் வழக்கத்தை நீக்கினோமா? நம் திருநெல்வேலிச் சீமையில், தேசபக்தர் வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்திலேயே, இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவளித்த விஷயம் 1924, 1925-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதையும் கலக்கியது. இரண்டு இலைகள் ஒரு மாகாணத்தின் அரசியலையே பிளந்தன. சோறு அற்பமான விஷயமென்று நினைப்பவர்கள் இச்சரித்திரத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

மதுவின் கதையோ வேறு. 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971-ல் கைவிடப்பட்டது, மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. அக்கடையில் ஜாதி கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே சம்பாஷணை ஏது? சிநேகம் ஏது? அன்றாடக் கூலியைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு செல்பவனின் மனைவிமக்களுக்குப் பழைய கிளப்பும் ஒன்றே, புதிய கடையும் ஒன்றே.

எனினும், பகலின் பாடு தீர்ந்தபின் நாலு பேர் கூடி, உண்டு, பேசிக் களிக்கும் ஆசை குற்றமன்று. அதற்கு இடமில்லாத ஊரில்தான் மதுக்கடை கொழிக்கிறது. இராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் இடையே, மேற்கு மலையின் அடிவாரத்தில் கிடக்கும் பழைய ஜமீன் ஊராகிய சிவகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே புளியங்குடி, எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போனது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இப்பக்கத்துக் காற்றே குளிர்ந்து வருகிறது. பனங்கருப்பட்டிக்கும் சுக்குக்கும் குறைவில்லை. எலுமிச்சையும் நன்னாரியும் சோடாவும் சேர்ந்த பானம், எந்த ஸவாய் ஹோட்டலின் கிண்ணத்துக்கு இளைத்தது?

வேண்டுவது ஒரு கூடம், சில பாய்கள், வாசிப்பதற்குப் பத்திரிகைகள், மாலைதோறும் எளிய பலகாரம். ஆண்களோடு பெண்களும் வர வேண்டும். சேரியிலிருந்து வருபவரும் தெருவிலிருந்து வருபவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே விதமான குவளையில் பருக வேண்டும். தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைக்கும் இழிவு தமிழ்நாட்டைவிட்டு முற்றும் ஒழிந்ததென்று நெஞ்சறியச் சொல்வாருண்டா? ஊரில் செல்வாக்குள்ள ஊழியர்கள் மேடையில் சமத்துவம் பேசுவதைச் சிறிது குறைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் அப்பந்தியில் அமர்ந்தால் போதும். அதற்கு உடன்படாதவர், வெள்ளைக்காரன் கிளப்பில் தொங்கிய பலகையைக் குறித்துக் கோபங்கொள்ளும் உரிமையை இழந்தவராவர்.