ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மாத்திரை... ஆய்வக எலி முதல் சென்னை காப்புரிமை அலுவலகம் வரை நடந்தது என்ன?

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையோ, சென்னையின் பெரிய மருத்துவமனையோ... 'ரத்தப் புற்றுநோய்' என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "பொழைச்சிடுவாங்களா டாக்டர்?" என்பதுதான். ரத்தப் புற்றுநோயில் 'சிஎம்எல்' என்ற வகைக்கு இன்று டாக்டர்களால் கொஞ்சம் தைரியமாகப் பதில் சொல்ல முடிகிறது. காரணம், இமாட்டினிப் என்ற மாத்திரை. அது எப்படி வந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

சிஎம்எல் என்றால் என்ன?

ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அங்குள்ள ஒரு செல்லில் 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதுதான் இந்நோயின் தொடக்கம். 22-வது குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் ஆகியோர் கண்டுபிடித்தனர். துண்டுகள் இடம் மாறுவதே காரணம் என 1973-ல் சொன்னவர் ஜேனட் ரௌலி.

ஒட்டிய இடத்தில் 'பிசிஆர்-ஏபிஎல்' என்ற புது மரபணு உருவாகிறது. இது தயாரிக்கும் புரதம், ஆஃப் ஆகாத ஸ்விட்ச் மாதிரி. செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாகக் கூடுகின்றன.

ஆய்வகத்தில் செய்தது என்ன?

முதலில் செல்கள். சிஎம்எல் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து 1970-களில் வளர்க்கப்பட்ட 'கே562' செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒரு மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் இதுபோன்ற செல்களில்தான் சோதிப்பார்கள்.

அடுத்து எலி. அந்த மரபணுவை எலியின் மஜ்ஜை செல்களில் புகுத்தியபோது எலிக்கும் சிஎம்எல் போன்ற நோய் வந்தது, 1990-ல். குற்றவாளி இந்த மரபணுதான் என்பது உறுதியானது.

ஸ்விட்சை அணைக்கும் ரசாயனத்தை பிரையன் டிரக்கர் குழு சோதித்து 1996-ல் முடிவை வெளியிட்டது. நோயுள்ள செல்கள் அழிந்தன, சாதாரண செல்கள் பெரும்பாலும் தப்பின.

1998-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. தினமும் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீரான நிலைக்கு வந்தன. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. இப்படி ஆய்வகத்தில் தெரிந்ததை நோயாளியிடம் கொண்டு சேர்ப்பதைத்தான் 'டிரான்ஸ்லேஷனல் ரிசர்ச்' என்கிறார்கள்.

சென்னைக்கு என்ன சம்பந்தம்?

மருந்து வந்தால் போதுமா, வாங்க முடிய வேண்டாமா? நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அந்தக் காலத்தில் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து அப்போது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது.

நோவார்ட்டிஸ் 1998-ல் சென்னையில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றும், இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் குறிப்பிடும்படி கூடினால்தான் காப்புரிமை என்கிறது சட்டப்பிரிவு 3(டி). அந்தப் பிரிவையே எதிர்த்த மனுவை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காப்புரிமை கிடையாது என 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. விலை குறைந்த மாத்திரை தொடர்ந்து கிடைக்க இது வழிவிட்டது.

மாத்திரை கேட்கலைன்னா?

கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட அதே ஆர்டி-பிசிஆர் முறைதான் இங்கேயும். ரத்தத்தில் அந்த மரபணுவின் தடயம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை இது காட்டிவிடும். அளவு ஏறினால், புரதத்தில் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'டி315ஐ' என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் வேலை செய்யாது. மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

"உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நீங்களே நிறுத்தக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்தாலும் நோயுள்ள செல்கள் மஜ்ஜையில் மிச்சம் இருக்கலாம். பல ஆண்டுகள் நல்ல பலன் கிடைத்த சிலருக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதுவும் தொடர் பரிசோதனையோடு மட்டும்தான். அடுத்த டெஸ்ட் எப்போது என்று இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.