சாக்கெட் பொருந்தினால் போதுமா?

கோப்புகளைச் சேமித்தல், தரவுத்தளம் நடத்துதல், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குதல் எனப் பல வேலைகளை ஏற்கும் பொதுப்பயன் சர்வருக்கு மதர்போர்டு தேடுவோர், புராசஸர் அமரும் சாக்கெட்டின் பெயர் ஒத்திருப்பதையே பொருத்தத்திற்கான முழுச் சான்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். அது போதாது என்பதற்கு இன்டெல்லின் எல்ஜிஏ 1151 தெளிவான எடுத்துக்காட்டு. 2015இல் வந்த அந்தச் சாக்கெட்டின் பெயரும் தொடுமுனைகளின் எண்ணிக்கையும் 2017இல் வெளியான எட்டாம் தலைமுறையிலும் மாறவில்லை; ஆயினும் மின்வழங்கலுக்கான முனைகளின் ஒதுக்கீடு மாறியதோடு, யுஎஸ்பி, சாட்டா முதலிய இணைப்புகளை நிர்வகிக்கும் துணைச் சில்லான சிப்செட்டும் 300 வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் வரையறுத்துவிட்டதால், புதிய புராசஸர்களைப் பழைய போர்டுகள் ஏற்கவில்லை. எனவே, தயாரிப்பாளர் வெளியிடும் புராசஸர் பட்டியலையும், அதில் குறிக்கப்படும் குறைந்தபட்ச பயாஸ் பதிப்பையும் (பயாஸ் என்பது மின்சாரம் வந்ததும் வன்பொருளை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

சர்வரைப் பொறுத்தவரை இதனினும் பெரிய கேள்வி நினைவகம். மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் கணினியின் ராமில் ஒரேயொரு பிட் மாறினாலும், அந்தப் பிழை எச்சரிக்கை ஏதுமின்றி வட்டில் எழுதப்பட்டு, காப்புப்பிரதியிலும் பதிந்துவிடக்கூடும். பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹேமிங் 1950இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறையின் வழிவந்த இசிசி நினைவகம், டிடிஆர்4 தலைமுறையில் 64 பிட் தரவுடன் 8 சோதனை பிட்களைச் சேர்த்து வைப்பதன் மூலம், ஒரு பிட் பிழையைத் திருத்தவும் இரண்டு பிட் பிழையைக் கண்டறியவும் வழிசெய்கிறது. டிடிஆர்5 சில்லுகளுக்குள்ளேயே ஒரு திருத்தம் நடைபெறுவது உண்மையே என்றாலும், சில்லிலிருந்து புராசஸருக்குச் செல்லும் வழியில் நேரும் பிழைகளை அது தடுப்பதில்லை. முழு இசிசிக்கு அது ஈடாகாது.

புராசஸர், சிப்செட், போர்டு ஆகிய மூன்றும் ஒருசேர இடங்கொடுத்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிட்டும். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் அமரும் இன்டெல் கோர் புராசஸர்களுக்கு டபிள்யூ680 போன்ற, இசிசியை ஏற்கும் சிப்செட் வேண்டும். பி660, இசட்690 போர்டுகளில் இசிசி இயங்காது. ஏஎம்டியின் ரைசன் வரிசையிலோ முடிவு பெரும்பாலும் போர்டு தயாரிப்பாளரின் கையில் இருப்பதால், சில போர்டுகளில் இசிசி ராம் சாதாரண ராமாகவே ஓடும், திருத்தம் மட்டும் நடவாது. பெரிய சர்வர்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாக விற்கப்படும் ரெஜிஸ்டர்டு வகை டிடிஆர்4 ராம், சாதாரண போர்டின் ஸ்லாட்டில் அமர்ந்தாலும் கணினி தொடங்காது. ஆகையால் ராமின் வகையை முதலில் முடிவுசெய்து, அதை ஏற்கும் போர்டைப் பின்னர் தேடுவதே சரியான வரிசை.

விரிவாக்க ஸ்லாட்டுகளின் நீளத்தை நம்பலாகாது: பதினாறு தடங்களுக்குரிய நீளமுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நான்கு தடங்களே இணைக்கப்பட்டிருப்பதும், எம்.2 வட்டைச் செருகியதும் சில சாட்டா முனைகள் செயலிழப்பதும் போர்டின் கையேட்டைப் படித்தால்தான் தெரியவரும்.

திரையும் விசைப்பலகையும் இல்லாமல் தொலைவிலிருந்தே சர்வரை இயக்கவும் அணைக்கவும், பயாஸ் திரையைக்கூடப் பார்க்கவும் உதவும் பிஎம்சி எனும் தனிச் சில்லு சர்வர் போர்டுகளின் தனிச்சிறப்பு. கூடுதல் விலைக்கு அது முற்றிலும் தகுதியானது. ஆனால், இயங்குதளத்தையும் மீறிக் கணினி முழுவதையும் ஆளும் திறன் அதற்கு உண்டு என்பதால், அதன் பிணைய முனையை இணையத்துடன் நேரடியாக இணைக்காமல் உட்பிணையத்துக்குள்ளேயே வைத்திருப்பது கட்டாயம்.