இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு மல்டிமீட்டரும்

1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' பெடலைத் திறந்து பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் போன்ற பெரிய வட்டப் பெட்டி. உள்ளேயோ 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், 2 திருகு குமிழ், ஒரு 9 வோல்ட் பேட்டரி. வேறொன்றும் இல்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் உறுமியது இந்தப் பெட்டியின் வழியாகத்தான்.

கிட்டார் கம்பி அனுப்பும் மின் அலை மேடும் பள்ளமுமாக வழுவழுப்பாக ஓடும். அதைப் பெட்டி கொள்ளாத அளவுக்குப் பெருக்கினால், மேட்டின் உச்சியும் பள்ளத்தின் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட அலையில் புதிய துணைச் சுரங்கள் முளைக்கின்றன. வண்டு ரீங்கரிப்பது போன்ற அந்தக் கரகரப்புதான் ஃபஸ். எப்படி வெட்டுவது என்பதை டிரான்சிஸ்டர்கள் முடிவு செய்கின்றன. அதனால் வீட்டில் இந்தப் பெடலைச் செய்பவர் தன் கவனத்தில் முக்கால் பங்கை அந்த இரண்டுக்கே கொடுக்க வேண்டும்.

தொடக்ககாலப் பெடல்களில் என்.கே.டி. 275 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தது. இன்று அந்தப் பெயருக்கே தனி விலை. பெயரை நம்பி வாங்காதீர்கள் என்பேன். ஒரே எண் பொறித்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் பெருக்கம், அதாவது மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்குகிறது என்ற எண், 60 என்றால் அடுத்தது 140 காட்டலாம். முதல் டிரான்சிஸ்டர் 70, 80 அளவிலும் இரண்டாவது 110 முதல் 130 வரையிலும் இருந்தால் ஒலி நன்றாக அமையும் என்பது செய்து பார்த்தவர்களின் கணக்கு.

அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மானியம் கசியும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர்; பேஸில் எந்த மின்னோட்டமும் தராதபோதே கலெக்டர் வழியே கொஞ்சம் ஒழுகும். மல்டிமீட்டரில் செருகி அளந்தால் கசிவையும் பெருக்கத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையில் கொடுத்து, கலெக்டரிலிருந்து எதிர்முனைக்கு ஏறக்குறைய 2.47 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பேஸைத் தொங்கவிட்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே அளந்தால் கிடைப்பது கசிவு, 0.30 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பேஸிலிருந்து எதிர்முனைக்கு 2.2 மெகா ஓம் இணைத்தால் 1.10 வோல்ட் வருகிறது. வித்தியாசம் 0.80, நூறால் பெருக்கினால் உண்மையான பெருக்கம் 80. கசிவைக் கழிக்காமல் விட்டிருந்தால் 110 என்று நம்பியிருப்போம். விரலால் பிடித்த சூடு ஆறும்வரை பொறுத்திருந்து அளக்க வேண்டும். உடம்புச் சூட்டுக்கே எண் நகரும்.

நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய விஷயம். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிரூட்டிய அறையில் இனிமையாக ஒலித்த பெடல், மே மாத மொட்டைமாடிக் கச்சேரியில் திக்கித் திணறும். ஆகவே முதல் பெடலைக் கசிவு மிகக் குறைந்த சிலிக்கானில் செய்யுங்கள். ஆர்பிட்டரே பின்னாளில் பிசி 108 போன்ற சிலிக்கானுக்கு மாறியது. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிசி 547 போதும். கடைசியில் 'ஏ' என்ற எழுத்து உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதன் பெருக்கம் 110 முதல் 220 வரை. 'சி' வகை 800 வரை போகும்; கூச்சலும் இரைச்சலும் அதிகம், வானொலி நிலையம்கூட உள்ளே நுழையும்.

மற்றவற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ரெசிஸ்டர் எந்த வகையானாலும் மதிப்பு சரியாக இருந்தால் சரி. கெப்பாசிட்டரில் நுழைவாயிலில் இருக்கும் 2.2 மைக்ரோ ஃபாரட் மட்டும் காதுக்குத் தெரியும்; அதை 0.1 ஆக்கினால் அடிநாதம் குறைந்து ஒலி தெளியும்.

ஒரே ஒரு ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கம் உள்ள 8.2 கிலோ ஓமுக்குப் பதிலாக 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருகுங்கள். பேட்டரியின் சரிபாதி அது. அங்கிருந்து காதுக்குப் பிடித்த பக்கம் சற்றே நகர்த்தலாம்.

கடைசியாக, ஃபஸ் குமிழை முழுக்கத் திருகி, கிட்டாரின் சொந்த வால்யூமை மெல்லக் குறைத்துப் பாருங்கள். பெடலுக்கு முன்னால் வேறு பெடல் எதுவும் இருக்கக் கூடாது. கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மணி அடித்தாற்போலத் தெளிந்த ஒலி வெளிப்பட்டால், டிரான்சிஸ்டர்களைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்.